நமத்துப்போன மருந்து: வேட்டை நூல்களைப் பழனிமலையிலிருந்து வாசித்தல்

கொடைக்கானலைத் தாண்டி மேல்மலைப் பக்கம் நடக்கக் கிளம்புகிறவர்கள் சிலரிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "காட்டெருமை வந்தா என்ன செய்யறது, கையில ஏதாவது வச்சிருக்கணுமா?" இதற்கு அமெரிக்காவில் ஒரு தனித் துறையே இருக்கிறது. கரடி உலவும் காட்டுக்கு இடுப்பில் செருகிப் போக எந்தக் கைத்துப்பாக்கி, அதற்கு எந்த மருந்து, எத்தனை எடையில் எந்த உலோகத்தில் குண்டு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். கடையில் வாங்கிய தோட்டா போதாது என்று வீட்டில் உட்கார்ந்து தாங்களே மருந்தை நிறுத்து அடைத்துக்கொள்கிறார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு எழுத்து இல்லையே என்று நினைப்போம். ஆனால் இருந்தது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால், இந்திய மலைகளை வைத்துத்தான் அந்த விவாதத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் நடந்தது. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் எழுதிய அந்த நூல்களை நாம் இன்று சாகசக் கதையாக வாசிக்கிறோம். மருந்தையும் குண்டையும் பற்றி வரும் இடங்களைத் தாண்டிப் போய்விடுகிறோம். அந்த இடங்களில்தான் இந்த நூல்களின் உண்மையான குணம் தெரிகிறது என்பது என் கட்சி. யார் நல்ல எழுத்தாளர், யார் வெறும் கணக்குப்பிள்ளை என்பதை அங்கே வைத்தே பிரித்துவிடலாம்.

மலையை அளந்தவர்கள்

முதலில் பழனிமலை. டக்ளஸ் ஹாமில்டன் சென்னைப் படையின் 21-ஆவது காலாட்படைப் பிரிவில் அதிகாரி. ஆனைமலை, நீலகிரி, பழனிமலை மூன்றையும் சுற்றி வரைந்து அறிக்கை எழுதியவர். பேரிஜம் பக்கத்தில் 'ஹாமில்டன் கோட்டை' என்று இன்றும் ஒரு பெயர் நிற்கிறதே, அது அவர் பெயர்தான். 1844 முதல் 1870 வரை அவர் எழுதிய நாட்குறிப்புகளை அவருடைய சகோதரர் எட்வர்ட் தொகுத்து 1892-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். தென்னிந்திய வேட்டைப் பதிவுகள் என்று தலைப்பு. அந்தத் தலைப்பிலேயே பழனிமலையின் பெயரும் உண்டு.

இந்த 1844, 1870 என்ற இரண்டு வருஷங்களும் முக்கியம். துப்பாக்கியின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் கெட்டித்து, காப்பு மாட்டிச் சுட்ட காலத்தில் ஆரம்பித்து, பின்பக்கம் திறந்து தோட்டாவைச் செருகும் காலம் வரை அந்த நாட்குறிப்பு நீள்கிறது. முதல் பாதியில் வேட்டைக்குப் போன ஒவ்வொருவரும், இன்றைய மொழியில் சொன்னால், கையால் அடைக்கிறவர்தான். எத்தனை மருந்து, எந்தக் குண்டு, ஈயத்தை எவ்வளவு கெட்டியாக வார்ப்பது என்று அவரவரே முடிவு செய்தாக வேண்டும். தப்பாக முடிவு செய்தால் கடமான் தப்பிக்கும், அல்லது குழல் வெடிக்கும்.

இதே காலத்தில் மத்திய இந்தியாவில் இன்னொருவர். ஜேம்ஸ் ஃபோர்சித். பச்மடி மலையில் 'பைசன் லாட்ஜ்' கட்டியவர். அந்த ஊர் மலைவாசஸ்தலமாக ஆனதற்கு அவரும் ஒரு காரணம். மலையை அளந்தவர்களும் காட்டெருமையைச் சுட்டவர்களும் ஒரே ஆட்களாக இருந்த காலம் அது. ஃபோர்சித் 1863-இல் வேட்டைத் துப்பாக்கியையும் அதன் குண்டுகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய மத்திய இந்திய நூலை இன்றும் வாசிக்கிறார்கள். இந்தச் சிறு நூலைத் துப்பாக்கிக்காரர்களைத் தவிர யாரும் தொடுவதில்லை. எனக்கு இதுதான் சுவாரஸ்யம்.

ஃபோர்சித்தின் வாதம்

அன்றைக்கு எல்லோரும் கூம்புக் குண்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். ராணுவத்தில் அது வெற்றி. ரொம்ப தூரம் போகும், குறி பிசகாது. ஃபோர்சித் அதற்கு எதிர்க்கட்சி. காட்டுக்கு உருண்டைக் குண்டே மேல் என்றார்.

அவர் சொன்ன காரணத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கூம்புக் குண்டு கனமானது. அதைச் சுழலவைக்கக் குழலுக்குள் வரிகள் நெருக்கமாக முறுக்கிப் போக வேண்டும். அப்படிப்பட்ட குழலில் மருந்தை அதிகம் போட்டால் ஈயக் குண்டு வரிகளைப் பிடிக்காமல் வழுக்கித் தாவிவிடும். ஆகவே மருந்தைக் குறைக்க வேண்டும். மருந்து குறைந்தால் குண்டு மெதுவாகப் போகும், வில் மாதிரி வளைந்து விழும். அப்போது மிருகம் எண்பது கஜத்தில் நிற்கிறதா நூற்றிருபதில் நிற்கிறதா என்று சரியாக ஊகித்தால்தான் படும். புதருக்குள் அரைகுறையாகத் தெரியும் மிருகத்தின் தூரத்தை யார் சரியாக ஊகிப்பது?

அவருடைய தீர்வு இது: லேசான உருண்டைக் குண்டு, மிகச் சாவகாசமாகத் திரும்பும் வரிகள், நிறைய மருந்து. அவர் பெயரால் வழங்கும் அந்த வரி முறையில் ஒரு முழுச் சுற்றுக்கு 104 அங்குலம். குழலோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீளம்கூட இருக்காது. அதாவது குண்டு கால் சுற்று, அதற்குச் சற்று மேல் சுற்றிவிட்டு வெளியே போய்விடும். ஆனால் வேகமாகப் போகும். 150 கஜத்துக்குள் தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகக் குறிவைத்துச் சுடலாம்.

விமர்சகனாக இதைப் பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடுகிறது. ஃபோர்சித் குண்டைப் பற்றி எழுதுகிறார் என்று தோன்றும். அவர் எழுதுவது மனிதக் கண்ணின் பிழையைப் பற்றி. பிழை நடக்கும் என்று முதலில் ஒப்புக்கொண்டு, அந்தப் பிழைக்கு இடம் கொடுக்கும் கருவியைத் தேடுகிறார். இது நல்ல சிந்தனை. பத்து வருஷத்தில் தோட்டாத் துப்பாக்கி வந்து அவருடைய ஏற்பாட்டைப் பழசாக்கிவிட்டது. ஆனாலும் கேள்வியை அவர் கேட்ட விதம் பழசாகவில்லை.

இதற்கு நேர் எதிர் சாமுவேல் பேக்கர். நுவரெலியாவில் வாழ்ந்து, இலங்கை யானைகளைச் சுட்டு, 1850-களில் நூல் எழுதியவர். அவரிடம் பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் செய்துகொடுத்த துப்பாக்கி ஒன்று. எடை 21 பவுண்டு. குண்டு மட்டும் நாலு அவுன்ஸ். ஒரு தடவை கெட்டிக்க 16 டிராம் மருந்து, நம் கணக்கில் சுமார் 28 கிராம். இப்படி எண்களை அடுக்குவதில் பேக்கருக்கு ஒரு பெருமிதம். பிழைக்கு அவர் சொல்லும் மருந்து, இன்னும் அதிக மருந்து. அவர் எழுத்தில் சக்தி உண்டு, ஓட்டம் உண்டு. சந்தேகம் மட்டும் இல்லை. சந்தேகம் இல்லாத வேட்டை எழுத்து சீக்கிரம் சலித்துவிடுகிறது. பத்தாவது யானையும் முதல் யானை மாதிரியேதான் விழுகிறது.

நகத்தால் எடுத்த குண்டு

ஜிம் கார்பெட்டைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தி.ஜ.ர. மொழிபெயர்த்த 'குமாயுன் புலிகள்' வழியாகவே பலர் அவரிடம் வந்தோம். ஆனால் அவரைத் துப்பாக்கியில் வல்லவர் என்று மட்டும் வாசித்தால் பாதிதான் வாசித்ததாகும். துப்பாக்கி கைவிடும் இடங்களை எழுதுவதில்தான் அவர் வல்லவர்.

'காட்டு ஞானம்' என்று சொல்லத்தக்க அவருடைய 1953-ஆம் வருஷ நூலில், சிறுவயதில் கிடைத்த முதல் துப்பாக்கியைப் பற்றிச் சொல்கிறார். வாய்வழி கெட்டிக்கும் இரட்டைக் குழல். யாரோ மருந்தை அளவுக்கு மீறிக் கெட்டித்ததில் வலது குழல் பிளந்துவிட்டது. கட்டையும் விரிசல் விட்டு, பித்தளைக் கம்பியால் இழுத்துக் கட்டியிருக்கிறது. அந்தப் பையனுக்கு மருந்து என்பது என்ன என்று அந்தப் பிளந்த குழலே பாடம் சொல்லிவிட்டது. பேக்கரின் 28 கிராமுக்கு இதைவிடச் சுருக்கமான மறுப்பு வேண்டாம்.

அடுத்தது 1907, சம்பாவத். 436 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள பெண்புலி. கார்பெட்டிடம் .500 ரைஃபிள், கையில் மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்த பிறகும் புலி சாகவில்லை. ஓடிப்போய் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்குகிறார். அதைத் திறந்து பார்த்தால் குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி. சுட்டால் பின்னால் சீறிக் கண்ணைக் கெடுக்கலாம். வேறு வழி இல்லை, சுடுகிறார். புலி விழுகிறது. பிறகு பார்த்தால் அந்தக் குண்டு குறிவைத்த வாயில் படவே இல்லை. பாதத்தில் மேலோட்டமாகப் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை விரல் நகத்தாலேயே எடுத்ததாகச் சொல்கிறார்.

வேட்டை இலக்கியத்தில் இதற்கு நிகரான விவரம் எனக்குத் தெரிந்து குறைவு. புலியைக் கொன்ற கடைசிக் குண்டு உண்மையில் புலியைக் கொல்லவில்லை. ஏற்கெனவே பட்ட காயத்தில் அது செத்துக்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் இதை மறைத்திருப்பார்கள், குறைந்தது மழுப்பியிருப்பார்கள். கார்பெட் நகத்தைக் காட்டுகிறார். அந்த ஒரு விவரத்தால் அவர் சொல்லும் மற்ற எல்லாமும் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

அதே கதையில் இன்னொரு இடம் இருக்கிறது. புலியைக் கலைக்க ஊரிலிருந்து 298 பேர் வருகிறார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியைக் கண்டுகொள்ள மாட்டேன், மருந்தும் தருகிறேன் என்று தாசில்தார் சொல்லியிருக்கிறார். அன்று வெளியே வந்த துப்பாக்கிகளை வைத்து ஒரு அருங்காட்சியகமே நடத்தலாம் என்கிற மாதிரி கார்பெட் வேடிக்கையாக எழுதுகிறார். நாமும் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நான் கார்பெட்டோடு மாறுபடுவது இங்கேதான்.

யாருக்கு மருந்து, யாருக்குத் தடை

ஊர்க்காரர்கள் ஏன் துப்பாக்கியை ஒளித்து வைத்திருந்தார்கள்? 1878-இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர்களுக்கு விலக்கு. கூர்க் மக்களைப் போல சில கூட்டத்தாருக்கு மட்டும் தனி விலக்கு. அதாவது எந்த மருந்து நல்லது, எந்தக் குண்டு நல்லது என்று நிதானமாக யோசித்து நூல் எழுதும் ஓய்வு ஒரு தரப்புக்கு. தாத்தா காலத்துக் குழலை வைக்கோல் போருக்குள் மறைத்து, கிடைத்த மருந்தை, கிடைத்த இரும்புத் துண்டை அடைக்கும் நிலைமை இன்னொரு தரப்புக்கு. அருங்காட்சியகம் என்று சிரிக்கும்போது அந்த அருங்காட்சியகத்தை உண்டாக்கிய சட்டமும் கூடவே நினைவுக்கு வர வேண்டும்.

அந்த 298 பேரின் பழைய துப்பாக்கிகள் யாரையும் கொல்லவில்லை, சத்தம் போட்டன. புலியை இடம்பெயர்த்தது அந்தச் சத்தம்தான். கதையின் நாயகன் ரைஃபிள் என்றாலும், வேலையில் பாதியைச் செய்தது நமத்துப்போன மருந்தும் தகர டின்னும்.

கென்னத் ஆண்டர்சனிடம் இது இன்னும் நேரடியாக வருகிறது. பெங்களூர்க்காரர். தர்மபுரி, பென்னாகரம், தேன்கனிக்கோட்டைக் காடுகளை எழுதியவர். அவருடைய கதைகளில் கூடவே வரும் பூசாரி பைரா, முதலில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியோடு திருட்டு வேட்டையாடுகிறவராகவே அறிமுகமாகிறார். ஆண்டர்சன் கையில் .405 வின்செஸ்டர். இருவரும் செய்தது வேட்டை. ஒன்றுக்கு 'ஷிகார்' என்று பெயர், மற்றதற்குத் 'திருட்டு' என்று பெயர். ஆண்டர்சனுக்கு இந்த வித்தியாசம் உறுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். பைராவின் பெயரை, பேச்சை, காட்டறிவை அவர் பதிவு செய்கிறார். முந்தைய தலைமுறை நாட்குறிப்புகளில் துப்பாக்கி தூக்கி, தடம் பார்த்து, மருந்து கெட்டித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் 'ஷிகாரி' என்ற ஒற்றைச் சொல்லாகவே நின்றுவிடுகிறார்கள்.

பெரிய துப்பாக்கி, தப்பான இடம்

வேட்டைக்காரர் அல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் எழுதிய யானைக் கட்டுரை. பர்மாவில் போலீஸ் அதிகாரி. முதலில் ஒரு .44 வின்செஸ்டரை எடுத்துக்கொண்டு போகிறார். யானையைக் கொல்ல அது போதாது என்று அவருக்கே தெரியும், சத்தத்துக்கு உதவும் என்று எடுக்கிறார். பிறகு யானைத் துப்பாக்கியை வரவழைக்கிறார். இப்போது கருவி சரி. ஆனால் எங்கே சுடுவது என்று தெரியாது. காதுத் துளைக்கு நேராகச் சுடாமல் அதற்குச் சில அங்குலம் முன்னால் சுடுகிறார். யானை சாக அரை மணி நேரம் ஆனதாக அப்புறம் கேள்விப்படுகிறார்.

பேக்கரும் ஆர்வெலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டியவர்கள். பெரிய குழல் இருந்தால் போதும் என்பது முன்னவரின் நம்பிக்கை. பெரிய குழலைத் தவறான இடத்தில் வைத்தால் அது ஒரு நீண்ட சித்திரவதை என்று பின்னவர் காட்டிவிடுகிறார். கூட்டம் பின்னால் நின்று பார்க்கிறது, அதனால் சுட்டேன் என்று அவர் சொல்லும் காரணமும் சேர்ந்துகொள்கிறது. துப்பாக்கி கையில் இருந்தால் அதற்கு ஒரு வேலை கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடி தானாக வந்துவிடுகிறது.

இடுப்பில் செருகியது

சரி, கைத்துப்பாக்கிக்கு வருவோம். அந்தக் காலத்து வேட்டைக்காரர்களிடம் 'ஹவ்டா பிஸ்டல்' என்று ஒன்று இருந்தது. யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்திருக்கும்போது புலி தாவி ஏறிவிட்டால் முகத்துக்கு நேரே சுட, இரட்டைக் குழலோடு, பெரிய துளையோடு செய்த குட்டைத் துப்பாக்கி. நீளத் துப்பாக்கிகளை வெட்டியே சிலவற்றைச் செய்தார்கள். கைத்துப்பாக்கியின் அடிப்படைச் சிக்கல் அதில் நன்றாகத் தெரியும். குழல் குட்டை. மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால் குண்டு வெளியே போன பிறகும் எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சமும் சத்தமும்தான் மிச்சம். வேகமாக எரியும் மருந்தை அதிகம் போட்டால் அழுத்தம் ஏறி, சுடுகிறவன் கைக்கே ஆபத்து. ஆகவே அவர்களுக்கே அது கடைசி நொடிக்கான பொருள், துணைக்கு மாவுத்தனும் யானையும் இருக்கும்போது.

இன்றைய இந்தியாவில் உரிமம் வாங்கும் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் .32 ரிவால்வர். 9 மி.மீ., .38, .455 எல்லாம் தடைசெய்யப்பட்ட அளவுகள். .32 ரிவால்வர் குண்டின் விசை ஏறக்குறைய 150 ஜூல். ஆண்டர்சனின் .405-க்கு 4,000 ஜூலுக்கு மேல். முப்பது பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமைக் காளை ஆயிரம் கிலோவை நெருங்கும். மருந்தை மாற்றி, குண்டை மாற்றி இந்த முப்பது பங்கைக் கடக்க முடியாது. கடக்க முயன்றால் கார்பெட்டின் பிளந்த குழல்தான் மிஞ்சும். காயம்பட்டுக் கோபம் கொண்ட காட்டெருமையும் மிஞ்சும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1972-ஆம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்தோடும் நுழையக்கூடாது. உயிர் காக்க நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமில்லை என்ற பிரிவும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் ஆயுதத்தோடு தயாராகப் போவதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

இன்றைக்குக் கெட்டிக்கிறவர்கள்

பழனிமலை அடிவாரத்திலும் மேலேயும் மருந்து கெட்டிக்கும் வழக்கம் செத்துப்போகவில்லை. நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிப் போலீஸ் அவ்வப்போது அறிவிக்கிறது. பிடிபடும்போது பத்திரிகையில் கரிமருந்து, பால்ரஸ் குண்டு என்று பட்டியல் வருகிறது. சைக்கிளில் போடும் இரும்பு உருண்டைதான் அங்கே குண்டு. தமிழ்நாட்டுக் காட்டோரங்களில் அவுட்டுக்காய் என்று இன்னொன்று, பன்றிக்கு வைப்பது. யானைக் கன்று கடித்துத் தாடை சிதைந்து, தின்ன முடியாமல் பட்டினியில் சாகிறது. ஃபோர்சித் கேட்ட கேள்வி, அதாவது பிழை நடந்தால் என்ன ஆகும் என்பது, அவுட்டுக்காய் வைக்கிறவரிடம் யாரும் கேட்காத கேள்வி.

விவசாயிக்கு நியாயம் இல்லை என்று சொல்ல வரவில்லை. ஒரு ராத்திரியில் கேரட்டும் பீன்சும் போய்விடும். புல்வெளியாக இருந்த இடத்தில் சீகையும் பைனும் தைல மரமும் நட்டோம். மேய்ச்சல் குறைந்தது, மாடு ஊருக்குள் வந்தது. ஏரிச் சாலையில் காட்டெருமை நிற்பதைப் பார்த்து வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். இந்த நிலைமைக்கு மருந்தையும் குண்டையும் வைத்துப் பதில் தேடுவது, பேக்கரின் வழியில் திரும்பிப் போவது.

வேட்டை நூல்களை ஒதுக்கிவிட வேண்டும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மிருகத்தை அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியவர்கள் வேறு யாரும் அந்தக் காலத்தில் குறைவு. ஆனால் வாசிக்கும்போது மூன்று கேள்விகளை ஓரத்தில் எழுதிக்கொண்டே வாசிக்கலாம். மருந்தைக் கெட்டித்தது யார்? குண்டு தவறிய இடத்தை ஆசிரியர் சொல்கிறாரா, தாண்டுகிறாரா? துப்பாக்கி இல்லாமல் அந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம்?

மூன்றாவது கேள்விக்கு மலைக்காரர்களிடம் பதில் பழசாகவே இருக்கிறது. தூரத்திலேயே நில்லு. மாட்டுக்கும் கன்றுக்கும் நடுவே போகாதே. அது போக வழி விடு. பேசிக்கொண்டு நட, உன் சத்தம் அதுக்கு முன்னாலேயே கேட்கட்டும். இதற்கு நிறுத்துப் போட மருந்தும் வேண்டாம், வார்க்க ஈயமும் வேண்டாம்.